முகவரி மாறாமல் வீடு மாறுதல்

பழைய மடிக்கணினி ஒன்றை இயக்கிவிட்டு அதன் அடிப்புறத்தில் உள்ளங்கையை வைத்தால் மெல்லிய நடுக்கம் தெரியும். காதை அருகில் கொண்டுசென்றால் இடைவிடாத சுழற்சியொலி ஒன்றும், அதனூடே நகத்தால் தகரத்தைத் தட்டுவது போன்ற ஒலி ஒன்றும் கேட்கும். முன்னது உள்ளே சுழலும் தட்டின் ஒலி. பின்னது அத்தட்டின்மேல் இடம்விட்டு இடம் தாவும் சிறு கரத்தின் ஒலி. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியையான என் தமக்கையாரின் மடிக்கணினி பத்தாண்டுகளாக இவ்வொலிகளோடுதான் கண்விழித்து வந்தது. பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போவார். பால் காய்ச்சிக் காப்பி கலந்து கொண்டுவந்து அமரும்போதுதான் முகப்புத்திரை ஒருவாறு நிலைகொண்டிருக்கும். புதியது வாங்கிவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் தடுத்தேன். அப்பொறியின் திரையிலோ விசைப்பலகையிலோ செயலியிலோ ஒரு குறையும் இல்லை. செயலி கணக்கிட வல்லதாகவே இருந்தது. அதன் நேரமெல்லாம் காத்திருப்பில் கழிந்துகொண்டிருந்தது.

அக்காத்திருப்பின் அளவை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மடிக்கணினிகளில் நெடுங்காலம் பெரிதும் வழங்கியது இரண்டரை அங்குல வன்தட்டு. அது மணித்துளிக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி, மில்லிநொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தட்டின் விட்டம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் ஆகையால், அதன் விளிம்பு மணிக்கு 66 கிலோமீட்டர் விரைவில் ஓடுகிறது. ஓடும் அப்பரப்பின்மேல், மயிரிழையின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறுகிய இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதந்தபடியே, கரத்தின் நுனியிலுள்ள படிமுனை காந்தப் புள்ளிகளை உணர்கிறது. மனிதக் கை ஆக்கிய பொறிகளுள் இத்துணை நுட்பமானவை மிகச் சிலவே. விரைவு குறைந்தது என்பதற்காக அதனை இகழ்ந்து பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஆயினும் எடையுள்ள ஒரு கரம் அங்கே நகர்ந்தாக வேண்டும். தரவின் ஒரு துணுக்கு வேண்டுமென்றால், கரம் உரிய தடத்தைச் சென்றடைய 11 அல்லது 12 மில்லிநொடி ஆகும். சென்றடைந்த பின்னும், வேண்டிய துண்டம் சுழன்று முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, அதாவது 5.6 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 17 மில்லிநொடி. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் பொழுதுதானே என்று தோன்றும். நொடிக்கு 200 கோடி முறை துடிக்கும் செயலிக்கு, அந்த 17 மில்லிநொடியில் 3 கோடியே 40 இலட்சம் துடிப்புகள் வீணாகின்றன. ஒரு துடிப்பை ஒரு நொடியாக விரித்துக்கொண்டால் அக்காத்திருப்பு ஓராண்டைக் கடந்து 393 நாள் நீள்கிறது. ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு விடைக்காக ஓராண்டுக்கு மேல் வாயிலில் நின்றபின், அடுத்த சொல்லுக்காக மீண்டும் ஓராண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இயங்குதளம் தொடங்கும் பொழுது நிகழ்வது இதுவே. இயங்குதளத்தின் மையமான கருனி, இயக்கிகள், எழுத்துருக்கள், அமைப்புக் குறிப்புகள், பின்னணிப் பணிகள் எனப் பல்லாயிரம் சிறு துணுக்குகள் தட்டின் பல மூலைகளிலிருந்து எடுக்கப்பட வேண்டும். அவை பத்தாயிரம் என்று கொள்வோம். துணுக்குக்கு 17 மில்லிநொடி வீதம் 170 நொடி; அதாவது மூன்று மணித்துளிக்குச் சற்றுக் குறைவு. தேவைப்படுமுன்பே படித்துவைத்தல், கேள்விகளைத் தடத்தின் வரிசைக்கேற்ப மாற்றியடுக்குதல் முதலிய உத்திகளால் இக்காலம் ஓரளவு சுருங்குமே தவிர, கரம் தாவுவது நிற்பதில்லை.

அதே வன்தட்டு, ஒரு திரைப்படத்தைப் போன்ற பெரிய கோப்பினைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 80 முதல் 100 மெகாபைட் வரை அள்ளித் தரும். சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துணுக்குகளைக் கேட்டாலோ, நொடிக்கு அறுபது துணுக்கு வீதம் 240 கிலோபைட்தான் தேறும். முன்னூறு மடங்குக்கும் மேலான வீழ்ச்சி! களத்தில் குவித்த நெல்லை மரக்காலால் அளந்து போடும் கைக்கு, அறுபது மூட்டைகளிலிருந்து மூட்டைக்கு ஒரு மணியாகப் பொறுக்கி வரும் வேலையைக் கொடுத்தால் எப்படியிருக்குமோ அப்படி. கைக்குக் குறையில்லை, வேலையின் தன்மை அது. புதிய சேமிப்பகங்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் மரக்கால் அளவையே பெரிய எழுத்தில் போடுகின்றன. இயங்குதளத்திற்கு வேண்டியதோ மணி பொறுக்கும் திறன். வாங்கச் செல்வோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவென்பேன்.

சுழலும் தட்டில் தரவை எழுதி, வேண்டிய இடத்துக்கு நேரே கரத்தைச் செலுத்திப் படிக்கும் முறை 1956-இல் வணிகத்துக்கு வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் ரேனால்ட் ஜான்சன் தலைமையிலான ஐபிஎம் குழுவினர் உருவாக்கிய ராமாக் என்னும் கணிப்பொறியமைப்பில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் மணித்துளிக்கு 1,200 முறை சுழன்றன. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அச்சேமிப்பகம் கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. வேண்டிய இடத்தை அடைய அதற்குச் சராசரியாக 600 மில்லிநொடி தேவைப்பட்டது. என் தமக்கையாரின் மடிக்கணினியில் இருந்த 500 ஜிகாபைட் வன்தட்டை அதனோடு ஒப்பிட்டேன். கொள்ளளவு ஓர் இலட்சம் மடங்கு வளர்ந்திருக்கிறது. தேடும் விரைவு முப்பத்தைந்து மடங்கே வளர்ந்திருக்கிறது. காந்தப் புள்ளிகளை மேன்மேலும் சுருக்க முடிந்தது. கரத்தின் நிலைமத்தை அப்படிச் சுருக்க இயலாது. வன்தட்டின் வரலாறு முழுவதும் இவ்விரு எண்களுக்கும் இடையே விரிந்துகொண்டே சென்ற பிளவின் வரலாறுதான்.

கரமே இல்லாத சேமிப்பகம் வேறொரு வழியில் வந்தது. 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் மிதவை வாயில் என்னும் அமைப்பை முன்வைத்தனர். ஒரு திரிதடையத்தின் நடுவே, எல்லாப் பக்கமும் மின்கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட ஒரு கடத்தித் தீவு. அத்தீவுக்குள் எதிர்மின்னிகளை ஒருமுறை செலுத்திவிட்டால் வெளியேற வழியின்றி அவை அங்கேயே தங்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் தங்கும். தீவில் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத் திரிதடையம் திறக்கும் மின்னழுத்தம் மாறுபடும். அம்மாறுபாட்டை அளந்தால் எழுதியது படிக்கப்பட்டுவிடும்.

வழியே இல்லாத தீவுக்குள் எதிர்மின்னி நுழைவது எங்ஙனம்? இங்கேதான் குவாண்டம் இயற்பியல் நம் மேசைக்கு வருகிறது. சுவரைத் தாண்ட ஆற்றல் போதாத துகளும், சுவர் மிக மெல்லியதாயின், ஒரு சிறு வாய்ப்பளவில் அதன் மறுபுறம் தோன்றக்கூடும். இதனை ஊடுருவல் என்பர். வலிய மின்புலத்தில் உலோகத்திலிருந்து எதிர்மின்னிகள் இவ்வாறு வெளியேறுவதை 1928-இல் ஃபௌலரும் நார்டைமும் கணித்துக் காட்டினர். சேமிப்பகச் சிற்றறையில் ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் எதிர்மின்னிகள் காப்புப் படலத்தை ஊடுருவித் தீவை அடைகின்றன. எதிர்த்திசையில் கொடுத்தால் வெளியேறுகின்றன. ஒரு மாணவியின் தேர்வுத்தாள் மதிப்பெண், பேரனின் ஒளிப்படம், எழுதி முடியாத மடல் என எல்லாம் அங்கே சிறைப்பட்ட மின்னூட்டங்களாகவே உறைகின்றன. இதை முதன்முதலாகப் படித்தறிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தணியவில்லை.

இச்சிற்றறைகளைப் பெருந்தொகுதியாக ஒரே வீச்சில் அழிக்கும் அமைப்பை ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1984-இல் வெளியிட்டார். அழிக்கும் விரைவு ஒளிப்படக் கருவியின் பளிச்சொளியை நினைவூட்டியதால் அது ஃபிளாஷ் எனப் பெயர் பெற்றது. இன்று நம் கைப்பேசி முதல் வழங்கிக் கணினி வரை நிறைந்திருக்கும் நேண்ட் வகையை அவர் 1987-இல் அறிமுகம் செய்தார். அத்தகைய சில்லுகளை ஒரு கட்டுப்படுத்தியோடு இணைத்து வன்தட்டின் வடிவில் அடைத்ததே திண்மநிலைச் சேமிப்பகம், கடைத்தெருவில் எஸ்.எஸ்.டி. என்பார்கள். அதில் எந்தத் துணுக்கை எடுக்கவும் ஏறத்தாழ 0.1 மில்லிநொடி போதும். முன்பு கணக்கிட்ட பத்தாயிரம் துணுக்குகளுக்கு ஒரே நொடி. செயலியின் கணக்கில் 393 நாள் காத்திருப்பு இரண்டரை நாளுக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது.

சேமிப்பகத்தைக் கணினியோடு பிணைக்கும் சாட்டா என்னும் பழைய இணைப்பு நொடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. 2011-இல் வரையறுக்கப்பட்ட என்.வி.எம்.இ. முறையிலான சேமிப்பகங்கள் அவ்வெல்லையைப் பன்மடங்கு கடந்தவை. பழைய முறையில் 32 கட்டளைகள் நிற்கக்கூடிய ஒரே ஒரு வரிசை உண்டு. புதிய முறையில் 65,535 வரிசைகள் வரை அமைக்கலாம். எனினும், வன்தட்டிலிருந்து சாட்டா வகைக்கு மாறும்போது அன்றாடப் பயனர் உணரும் மாற்றம் பெரிது, சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.-க்கு மாறும்போது உணர்வது அதனினும் சிறிது. கரத்தின் தாவல் முதல் மாற்றத்திலேயே ஒழிந்துவிடுகிறதல்லவா? தமக்கையாரின் பொறியில் சாட்டா மட்டுமே இருந்தது. அதற்காக நான் வருந்தவில்லை.

திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் ஒரு நலிவு உண்டு. அதில் எழுதியதன்மேல் எழுத முடியாது. பக்கம் பக்கமாக எழுதலாம். அழிக்கும்போது பல நூறு பக்கங்கள் அடங்கிய தொகுதியை முழுமையாகத்தான் அழிக்க வேண்டும். ஒவ்வோர் அழிப்பிலும் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஒரு சிற்றறைக்கு ஒரு பிட் எழுதிய பழைய வகை, ஓர் இலட்சம் முறை வரை தாங்கியது. ஒரு சிற்றறையில் மின்னூட்டத்தின் எட்டு நிலைகளைப் பிரித்தறிந்து மூன்று பிட் எழுதும் இன்றைய வகை தாங்குவது ஓராயிரம் முதல் மூவாயிரம் முறை. அஞ்ச வேண்டியதில்லை. 240 ஜிகாபைட் சேமிப்பகம் ஆயிரம் முறை தாங்கும் என்றே கொள்வோம். நாளொன்றுக்கு 20 ஜிகாபைட் எழுதினாலும், உள்வேலைகளால் அது மும்மடங்கானாலும், 4,000 நாள், அதாவது பதினொரு ஆண்டு ஓடும். தேய்மானத்தை எல்லாச் சிற்றறைகளுக்கும் சமமாகப் பங்கிடுவது கட்டுப்படுத்தியின் பணி. வெளியுலகம் சொல்லும் முகவரிக்கும் தரவு உண்மையில் உறையும் இடத்துக்கும் நடுவே அது ஓர் அட்டவணையை வைத்து, இடத்தை ஓயாது மாற்றிக்கொண்டே இருக்கிறது. இயங்குதளத்துக்கு இது தெரியாது.

இனி இடமாற்றத்துக்கு வருவோம். புதிய சேமிப்பகத்தில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக்கொள்வதே தூய்மையான வழி என்று வல்லுநர் பலர் சொல்வர். இளைஞர்க்கு அது பொருந்தும். தமக்கையாரின் கணினியிலோ முப்பதாண்டு ஆசிரியப் பணியின் வினாத்தாள்களும் கட்டுரைகளும் இருந்தன. அவற்றுட் பல, தமிழுக்கு ஒருங்குறி பரவுமுன்பு வழங்கிய பல்வேறு எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சிட்டவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன; 2010-இல்தான் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தின் எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் இல்லையெனில் அக்கோப்புகள் பொருளற்ற குறிகளாகவே திரையில் நிற்கும். அம்மென்பொருள்களின் மூலக் குறுவட்டுகள் எங்கே போயினவோ! எனவே, வீட்டை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோவதே வழி என முடிவு செய்தேன்.

கோப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் புதிய சேமிப்பகத்தில் ஒட்டிவிட்டால் போதாதா என்று தமக்கையார் கேட்டார். நல்ல வினா. கோப்புகள் வந்துசேரும், கணினி எழாது. ஏனெனில் இயங்குதளம் என்பது கோப்புகளின் குவியல் மட்டுமன்று. எது எங்கே இருக்கிறது, யாரை யார் எப்பெயரால் அழைக்கிறார்கள் என்னும் முகவரிகளின் பின்னல் அது.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். அதற்கு விண்டோஸும் தெரியாது, லினக்ஸும் தெரியாது. சேமிப்பகத்தின் பிரிவு அட்டவணையைப் படித்து, தொடக்கத்துக்கென ஒதுக்கிய சிறு பிரிவினைத் தேடி, அங்குள்ள ஏற்றி என்னும் நிரலை எழுப்பும். ஏற்றி தன் குறிப்பேட்டைத் திறந்து கருனி எந்தப் பிரிவில் உள்ளதென்று பார்க்கும். கருனி நினைவகத்தில் ஏறியதும், சேமிப்பகத்தோடு பேச வல்ல இயக்கியைக் கொண்டு தன் வீட்டின் மற்ற அறைகளைத் திறக்கும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு விளக்கு மாறுவது போன்ற இச்சங்கிலியில் ஒரு கை தவறினாலும், திரையில் வெண்ணெழுத்தில் ஓர் அறிவிப்பு மட்டுமே எஞ்சும்.

பழைய பொறிகளில் இச்சங்கிலியின் முதல் கண்ணி வியக்கத்தக்க அளவு சிறியது. 1983-இல் டாஸ் 2.0 பதிப்போடு வந்த முறை அது. வட்டின் முதற்றுண்டம் 512 பைட். அதில் 446 பைட் ஏற்றியின் முதற்பகுதிக்கு, 64 பைட் நான்கு பிரிவுகளின் முகவரிக்கு, எஞ்சிய 2 பைட் முத்திரைக்கு. ஒரு வெண்பாவை அச்சிடும் இடத்தில் ஒரு கணினியின் முழு எழுச்சியும் அடங்கியிருந்தது. எந்தக் கோப்பின் பட்டியலிலும் அது இடம்பெறாது. கோப்புகளை மட்டும் படியெடுப்பவர் அதனை விட்டுவிடுவார். ஜிபிடி என்னும் புதிய அட்டவணையில் 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. அதன் நகல் ஒன்று வட்டின் கடைக்கோடியிலும் எழுதப்பட்டிருக்கும். பெரிய வட்டிலிருந்து சிறியதற்குக் குருட்டுத்தனமாகப் படியெடுத்தால் அக்கடைக்கோடி வெட்டுண்டு போகும். பின்னர் அதனைப் புதிதாக எழுதுவிக்க வேண்டும்.

பெயர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் 128 பிட் நீளமுள்ள தனியடையாள எண் உண்டு. லினக்ஸ் தன் பிரிவுகளைப் பெரும்பாலும் அவ்வெண்ணாலேயே அழைக்கிறது. விண்டோஸின் தொடக்கக் குறிப்பேடும் அவ்வாறே. துல்லியமாகப் படியெடுத்தால் எண்ணும் கூடவே வந்துவிடும். ஆகையால் குடிபெயர்ந்தது இயங்குதளத்துக்கே தெரியாமல் போகும். முகவரி மாறாமல் வீடு மாறுதல் என்று இதைத்தான் சொல்கிறேன். ஆனால் படியெடுத்து முடிந்த அக்கணத்தில், ஒரே பெயருடைய இரட்டையர் இருவர் ஒரே கணினியில் இணைந்திருப்பர். அந்நிலையில் கணினியைத் தொடக்கினால் விண்டோஸ் இருவருள் ஒருவரைப் புறத்தே நிறுத்திவிடும். லினக்ஸ் எவரைத் திறக்கும் என்று உறுதி கூற இயலாது. புதியதில் எழுதுவதாக எண்ணிப் பழையதில் எழுதிக்கொண்டிருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே படியெடுத்ததும் கணினியை அணைத்து, பழைய வன்தட்டைக் கழற்றிய பின்பே முதன்முறை தொடக்க வேண்டும். இவ்வொரு விதியைப் பேணினாலே இடர்களிற் பாதி நீங்கும்.

இயக்கியும் அவ்வாறே முகவரியோடு பிணைந்தது. சாட்டாவில் இருந்த இயங்குதளத்தை என்.வி.எம்.இ. சேமிப்பகத்துக்கு மாற்றினால், எல்லாத் தரவும் பிழையின்றி வந்திருந்தும், தொடக்கநிலையிலேயே ஏறவேண்டிய இயக்கி தயாராக இல்லையேல் விண்டோஸ் தன் வீட்டின் கதவை அணுக முடியவில்லை என்று நீலத்திரை காட்டி நின்றுவிடும். கதவைத் திறக்கும் சாவி கதவுக்கு உள்ளேயே இருப்பது போன்ற நிலை. லினக்ஸில் இதற்கெனவே முதலில் நினைவகத்தில் விரியும் சிறு பொதி ஒன்று உண்டு. இயக்கிகள் அதனுள் கட்டப்பட்டிருக்கும். மறையாக்கம் செய்த பிரிவுகளுக்கு இன்னுமொரு பூட்டு. விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருந்தால் மாற்றத்துக்கு முன் அதனைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கணினிக்குள்ளேயே அதைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகள் வழங்கத் தொடங்கியது. அவற்றுட் பலவற்றில் விண்டோஸும், சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் அருகருகே குடியிருந்தன. அத்தகைய பொறியை மாற்றும்போது இரு குடிகளின் முகவரிகளையும் காக்க வேண்டும். ஒன்றை மட்டும் பெயர்த்தால் ஏற்றி மற்றொன்றைத் தேடித் திகைக்கும். அலமாரிகளில் உறங்கும் அக்கணினிகளை எண்ணும்போது, ஒரு சிறு சேமிப்பகமும் ஒரு திருப்புளியும் அவற்றுட் பலவற்றை மீண்டும் ஒரு பிள்ளையின் மேசைக்குக் கொண்டுவந்துவிடும் என்னும் ஏக்கம் எனக்கு எழுகிறது.

படியெடுக்கும் கருவிகளுள் மிகப் பழையது யூனிக்ஸின் ‘டிடி’ கட்டளை. ஐபிஎம் பெருங்கணினிகளின் பணிக்கட்டளை மொழியிலிருந்து அதன் பெயர் வந்தது. மூலத்தின் பெயரையும் இலக்கின் பெயரையும் சொன்னால் போதும். பைட் பைட்டாக எழுதிவிடும். கேள்வி கேட்காது. பல்லாண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அயர்ச்சியில், அவ்விரு பெயர்களையும் நான் இடம் மாற்றித் தட்டிவிட்டேன். வெறுமையான புதிய வட்டு, நிறைந்த பழைய வட்டின்மேல் எழுதப்பட்டது. எங்கள் ஊர்த் தச்சர்களிடம் ஓராண்டாகக் கேட்டுத் தொகுத்த கருவிப்பெயர்ப் பட்டியல் அதில் இருந்தது. அச்சொற்களைத் தந்த முதியவர் அதற்குள் மறைந்துவிட்டிருந்தார். அன்று முதல், கட்டளையை எழுதி எழுந்துபோய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து, இரு வட்டுகளின் கொள்ளளவையும் வரிசை எண்ணையும் மீண்டும் ஒப்பிட்ட பிறகே அழுத்துகிறேன். தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தார் உருவாக்கிய குளோன்சில்லா போன்ற கருவிகள் ஒன்றுக்கு இருமுறை கேட்டு உறுதி பெறுகின்றன. அதோடு வெற்றிடங்களை விட்டுவிட்டு, தரவுள்ள பகுதிகளை மட்டும் படியெடுக்கின்றன. என் போன்றோர்க்கு அதுவே ஏற்றது.

தமக்கையாரின் பொறிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினேன். முதலில் பழைய வன்தட்டின் உடல்நிலையைப் பார்த்தேன். பழுதடைந்து மாற்றிடம் ஒதுக்கப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கையை வன்தட்டே குறித்துவைத்திருக்கும். அது பெருகியிருந்தால் இடமாற்றத்துக்கு முன் தரவை மீட்பதே முதற்பணியாகிவிடும். நற்பேறாக அது சுழியமாக இருந்தது. கோப்புகளைத் தனியே வேறொரு வட்டில் காப்புநகல் எடுத்தேன். பின்னர், 500 ஜிகாபைட்டை 240-க்குள் அடக்க வேண்டியிருந்தது. உள்ளிருந்த தரவு 140-தான். ஆயினும் அது வட்டெங்கும் சிதறிக் கிடந்தமையால், பிரிவினை முதலில் சுருக்கினேன். இவ்வொரு படியில்தான் பொறுமை மிகவும் வேண்டும்; நடுவில் மின்சாரம் போனால் பிரிவும் அதிலுள்ள தரவும் கெட்டுவிடும். மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று மும்முறை பார்த்தேன்.

இயங்கிக்கொண்டிருக்கும் இயங்குதளம் ஒவ்வொரு நொடியும் தன்னையே திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். ஓடும் ஆற்றைப் படம் வரைவது போன்றது அதனைப் படியெடுப்பது. ஆகையால் அதனை உறங்கவிட்டு, விரலளவுச் சேமிப்பகத்திலிருந்து குளோன்சில்லாவைத் தொடக்கினேன். புதிய சேமிப்பகத்தை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்தேன். தொடர்ச்சியாகப் படிக்கும் வேலை ஆகையால் பழைய வன்தட்டு தன் முழுத் திறனையும் காட்டியது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பிரிவுகளின் தொடக்கம் ஒரு மெகாபைட் எல்லையில் ஒத்திருந்ததையும் பார்த்துக்கொண்டேன். பழங்கால முறைப்படி 63-ஆம் துண்டத்தில் தொடங்கும் பிரிவாயின், இயங்குதளத்தின் ஒவ்வொரு 4 கிலோபைட் துணுக்கும் சேமிப்பகத்தின் இரு பக்கங்களில் கால் வைத்து நிற்கும். எழுதும் வேலை இரட்டிக்கும்.

அடிப்புறத்து ஆணிகளைக் கழற்றி, வன்தட்டை எடுத்து, அதே இடத்தில் புதியதைப் பொருத்தி மூடினேன். தமக்கையார் பொத்தானை அழுத்தினார். எழுந்து அடுக்களைக்குப் போகத் திரும்பியவர், சற்று நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். “தம்பி, இது ஓடுதா இல்லையா? சத்தமே வரலையே!” அவர் கேட்டு முடிப்பதற்குள் முகப்புத்திரை வந்திருந்தது. 1998-இல் தாம் எழுதிய ஒரு வினாத்தாளைத் திறந்தார். பழைய எழுத்துருவில், ஓர் எழுத்தும் பிறழாமல், அது விரிந்தது. அதை இருவரும் சற்று நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்வேலைகள் சில இருந்தன. கோப்பினை நீக்கும்போது இயங்குதளம் தன் பட்டியலில் மட்டுமே அதனை அடிக்கிறது. அவ்விடம் வெறுமையாயிற்று என்பது சேமிப்பகத்தின் கட்டுப்படுத்திக்குத் தெரியாது. அதனை அறிவிக்கும் டிரிம் என்னும் கட்டளை விண்டோஸ் 7 முதல் உண்டு. படியெடுத்த அமைப்பில் அது செயற்படுகிறதா என்று பார்த்து, ஒருமுறை முழுமையாக ஓடவிட்டேன். சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்க்கும் பழைய மென்பொருள் ஒன்று கிழமைதோறும் இயங்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. தாவும் கரம் இருந்த காலத்தில் பயன் தந்த அவ்வேலை, இப்போது சிற்றறைகளைத் தேய்ப்பதன்றி வேறொன்றும் செய்யாது, அதனை நிறுத்தினேன். மீதமிருந்த இடத்துக்குள் பிரிவினை நீட்டினேன். ஆனால் இருபது ஜிகாபைட் அளவை எதற்கும் ஒதுக்காமல் விட்டேன். கட்டுப்படுத்தி தன் உள்மாற்றங்களைச் செய்துகொள்ள அவ்வெற்றிடம் உதவும்.

கழற்றிய வன்தட்டை ஒரு திங்கள் வரை தொடவில்லை. புதியதில் ஏதேனும் பிழை தோன்றினால், திருப்பிப் பொருத்தினால் போதும், பழைய வீடு அப்படியே எழும். அத்திங்கள் முடிந்தபின் அதனை யு.எஸ்.பி. உறை ஒன்றில் இட்டுக் காப்புநகலுக்கென வைத்துக்கொண்டோம். திண்மநிலைச் சேமிப்பகத்தின் தீவுகளில் சிறைப்பட்ட எதிர்மின்னிகள், மின்னிணைப்பின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்த ஊரில் இன்னும் விரைந்து கசியும். நம் ஊர் அலமாரியில் நெடுநாள் கிடக்கவேண்டிய காப்புநகலுக்குக் காந்தத் தட்டே தகுதியானது. தமக்கையார் வெள்ளைத்தாள் துண்டொன்றில் நாளையும், “வினாத்தாள்கள், கட்டுரைகள், பேரன் படங்கள்” என்பதையும் தம் கையால் எழுதி உறைமேல் ஒட்டினார். மூன்று திங்களுக்கு ஒருமுறை அதனை இணைத்துப் புதிய கோப்புகளைச் சேர்க்கிறார். இணைக்கும்போதெல்லாம் பழைய சுழற்சியொலி கேட்கிறது என்று சொன்னார்.